மூன்றாவது பெண்ணின் குதிகால்

மூன்றாவது பெண்ணின் குதிகால் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

ஓவியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நேற்று அந்தக் காலைத் தரையில் பதித்துத்தான் வரைந்திருந்தார். சாம்பல் நிறத் தாளில் பேஸ்டல் என்கிற வண்ணப் பொடிக்கட்டியால் ஐந்து ஆட்டக்காரிகள், நாடக அரங்கின் முகப்புக் கூடத்துக்காக. அரங்கத்தார் கேட்டது ‘உணர்ச்சி ததும்பும் நடனம்’. உணர்ச்சியாம்! பத்து நாள் ஒத்திகையில் குந்தியிருந்து அவர் கண்டதெல்லாம் வேர்வை நாற்றமும் மூச்சிரைப்பும், பலகைத் தரையில் பொத்துப் பொத்தென்று விழும் வெறுங்கால்களும்தான். கையையும் காலையும் உதறுகிற கழுதைகளுக்குத் தன் விரல் போய் அழகு சேர்க்க வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏய், என் படத்துல கை வெச்சியா?”

கீழே தையல் மெஷின் நின்றது. “நான் எதுக்குங்க மாடிக்கு வரப்போறேன்?” என்றாள் மனைவி.

அதுவும் சரிதான். கல்யாணத்துக்கு முன் ஆடிக்கொண்டிருந்தவள் அவள். வந்த புதிதில் ஒருநாள், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவ ஆடினா கூடமே கோணலாயிடும்” என்று சொந்தக்காரர்கள் நடுவில் அவர் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு விட்டவள்தான், இருபத்திரண்டு வருஷமாயிற்று. நல்லதாய்ப் போயிற்று என்பது அவர் எண்ணம்.

குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துப் பழையபடி தரையில் வைத்தார்.

மறுநாள் அது மறுபடி எழும்பியிருந்தது. முழங்காலும் மடங்கியிருந்தது. பேஸ்டல் வெறும் பொடி. தும்மினால் பறக்கும், விரல் பட்டால் தீற்றிக்கொள்ளும். தாளில் புதிதாய் ஒரு தீற்றல்கூட இல்லை. அவருக்கு முதுகு சில்லிட்டது. சில்லிட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குமேல் மெத்தென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

“எலி,” என்றார்.

“எலி தாளம் தப்பாம ஓடுமா?”

மேஜைக்கடியில் அவள் கால் தட்டிக்கொண்டிருந்தது.

“காலை நிறுத்து.”

“நான் ஆட்டலீங்க.” அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள், அடுத்தவர் கால்மாதிரி. முகம் வெளுத்திருந்தது. “நிக்க மாட்டேங்குது...”

“இந்த வயசுல வேஷம் வேறயா?” என்று எழுந்து மாடிக்குப் போனார்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். சுண்ணாம்புப் பொடி வாசனை மூச்சை அடைத்தது. சட்டத்தில் தாள் இருந்தது. படம் இல்லை. அழித்த அடையாளம்கூட இல்லை. தரையில் காலடிகள். ஆரஞ்சு, நீலம், பச்சை. எல்லாம் கதவை நோக்கி. திரும்பினார். படிக்கட்டிலும் காலடிகள். இப்போதுதான் அவர் ஏறிவந்த படிக்கட்டு.

கீழே நாற்காலி விழுந்தது.

இறங்கி ஓடினார்.

கூடத்தில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. கொலுசு இல்லை. மணிக்கட்டில், இடுப்பில், கழுத்தில் வண்ண விரல் தடங்கள். அவளைச் சுற்றி வெறுந்தரையில் காலடிகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. விழ வைப்பவர் யாரும் தெரியவில்லை.

“போதும்... நிறுத்து.” கேலியாகத்தான் சொல்ல நினைத்தார். கெஞ்சலாய் வந்தது.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். பிடி நழுவியது. உள்ளங்கை நிறையப் பொடி. சதை நிறப் பொடி.

அவள் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. அவள் நிற்கவும் இல்லை.

“அடியே...” இரண்டு கையாலும் முகத்தைப் பற்றினார். கட்டைவிரல் பட்ட இடம் தீற்றிக்கொண்டது. கன்னம், உதடு, மூக்கு எல்லாம் காதுவரை ஒரே இழுப்பாய் இழுபட்டுப் போயின.

மிஞ்சியது ஒரு கண். அதில் பயம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது அவர்மேல் வந்து நின்றது. மேலிருந்து கீழாக அவரை அளந்தது. இளக்காரமாய். பிறகு அடுத்த சுற்று.