மிதித்த பாத்தி

“யோவ்! கண்ணு இருக்குதா இல்லையா? மிதிச்சு வெச்ச பாத்தியில என்னாய்யா குதியாட்டம்?”

திரௌபதி மண்வெட்டியோடு ஓடி வந்த வேகத்தில், சடுகுடு ஆடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். எழுபத்து நாலாம் வருஷத் தை மாசம் அது. உப்பு விளைய வேண்டுமானால் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அவள் இடுப்பொடிய மிதித்து வைத்த தரையை, நல்ல மைதானம் என்று நினைத்துவிட்டான் பள்ளிக்கூடத்துப் புது டிரில் மாஸ்டர் ராஜாங்கம். இரும்பை கிராமத்துக்காரன்... நெல் வயல் தெரியும், உப்பளம் எங்கே தெரியப் போகிறது!

“தெரியாதுங்க... நாங்களே மிதிச்சுக் குடுத்துடறோம்.”

அந்தக் கண்கள்! மழைக்கு முந்தின வானம் போல அப்படியொரு கறுப்பு. திட்ட வந்தவள் மண்வெட்டியைத் தாழ்த்திக்கொண்டாள்.

சொன்னபடி சாயங்காலமானால் பிள்ளைகளோடு வந்து மிதித்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான அவள் தங்கை பொன்னிக்கும் ஆட்டத்தில் கால் உறுதிப்பட்டது.

“உங்க தங்கச்சி ஆடுறதப் பாத்தா, சம்பளமே வேணாம்னு தோணுதுங்க.”

“சோத்துக்கு என்னா பண்ணுவீங்களாம்?”

“நீங்க போட மாட்டீங்களா...”

சிரிப்பை மறைக்க முந்தானை போதவில்லை அவளுக்கு.

வேற்றுச் சாதி என்று முறைத்த அப்பா பாவாடையும் ஒருவழியாக இறங்கி வந்தார். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வரச் சொன்னார்.

முந்தின நாள் திண்டிவனத்தில் நடக்க வேண்டிய மேட்ச், பருவம் தப்பிய மழையால் வெள்ளிக்குத் தள்ளிப்போனது. மாஸ்டர் இல்லாமல் பெண் பிள்ளைகளை ஆட விட மாட்டார்கள். ஒரு நாள்தானே, அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று அவன் அங்கேயே தங்கிவிட்டான்.

ஆனால் சொன்ன நாளில் வெற்றிலை வரவில்லையென்றால் இந்த ஊரில் அது பெண்ணை வேண்டாம் என்றதற்குச் சமம். கூடியிருந்த பங்காளிகள் முன்னால் கூனிப்போன பாவாடை, தன் அக்கா மகன் சுப்ராயனைக் கை காட்டினார். “என்னாம்மா, சம்மதமா?” வராதவன் மேல் இருந்த ஆத்திரத்தில்... தலையாட்டிவிட்டாள், பாவி! வெற்றிலை கை மாறிவிட்டது.

மறுநாள் பிள்ளைகள் கப்பைத் தூக்கிப் பிடித்து, “சார்! சார்!” என்று கூச்சலிட்டபடி ஊருக்குள் போனார்கள். அவன் மட்டும் வெற்றிலைப் பொட்டலத்தோடு நேராக உப்பளத்துக்கு வந்தான்.

“கோச்சுக்காதீங்க... இதுங்க சார்னு கூப்பிடுற சந்தோஷமும், நீங்களும்... ரெண்டும் போதுங்க எனக்கு.”

“நேத்தே என்னை வேற எடத்துல பேசி முடிச்சிட்டாங்க சார்.”

அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

“வேணாம்னு... நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். உங்க மேல அவ்ளோ ஆசை வெச்சிருந்தேன்... அதான் அவ்ளோ கோவம் வந்துடுச்சு.”

மழையில் பாத்தி சேறாகிக் கிடந்தது. மறுபடியும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அவன் செருப்பைக் கழற்றினான்.

“வேணாம் சார். இனிமே நாங்களே மிதிச்சுக்கறோம்.”