முன்கண்ணாடியின் உள்பக்கம்

விழுப்புரம் பைபாஸில், பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பாண்டுரங்கன் தன் வாடகை வேனை அதன் முன்னால் நிறுத்தியபோது பகல் பதினொரு மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே கால் வைத்ததும் இருட்டு. ஏரி வற்றியபின் வரும் சேற்று வாடை. அடிபட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய கண்ணாடிகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

பாண்டுரங்கனுக்குத் திண்டிவனம். முந்தாநாள் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல், வேனின் முன்கண்ணாடியில் பட்டுக் குறுக்கே கோடு ஓடிவிட்டது. கம்பெனிக் கண்ணாடி பதினோராயிரம் என்றார்கள். அவன் மனைவி ஜெயம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, “புதுசே போடுங்க. பாப்பா முன்னாடி சீட்டுலதான் உக்காருவேன்னு அடம் புடிக்கிறா” என்று சொல்லித்தான் அனுப்பினாள். பாதி வழியிலேயே அவன் மனசு மாறிவிட்டது. ஆசை யாரை விட்டது?

கொட்டகைக்காரர் வெங்கடாசலம் கடைசி வரிசையிலிருந்து ஒரு கண்ணாடியை இழுத்து நிறுத்தி, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

“டூப்ளிகேட் புதுசு போட்டீன்னா மூணே மாசத்துல வைப்பர் கோடு விழும். வெயில்ல பாத்தா ரோடே நெளியும். இது பழசுதான், ஆனா ஒரிஜினலு. மூவாயிரம் குடு. எவ்ளோ அடிச்சாலும் ஒடையாது.”

“எந்த வண்டியோடதுண்ணே?”

“புயல் வெள்ளத்துல முழுகுன வண்டி. கண்ணாடிய தண்ணி இன்னா பண்ணும்?”

அந்த வண்டிக்குள் யாராவது இருந்தார்களா என்று பாண்டுரங்கன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் வாங்க மனசு வராது என்று அவனுக்கே தெரியும்.

கண்ணாடி மாட்டும் பையன் பூமாலை வேலையை ஆரம்பித்தான். விளிம்பெல்லாம் பசை தடவி, கண்ணாடியைப் பொருத்தி, மேலே டேப் ஒட்டினான். கிளம்பும்போதுதான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“பேஸ்ட் காயற வரைக்கும் ஜன்னல் எல்லாத்தையும் ரெண்டு விரல் தொறந்து வெச்சிக்குங்கண்ணா. மூடிக்கினு கதவ அடிச்சி சாத்துனா, உள்ள காத்து அடைஞ்சி கண்ணாடிய தள்ளும். காஞ்சப்பறமும் தொறந்தே ஓட்டுங்க.”

“காஞ்சப்பறம் எதுக்கு?”

பூமாலை முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டில், “புதுசுதான?” என்றாள் ஜெயம். “புதுசேதான்” என்றான். பொய் சொல்லும்போது அவன் காது மடல் சூடாகும். அன்றும் சூடானது.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் புதுச்சேரியில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். உச்சி வெயில். ஏசியைப் போட்டு ஜன்னல்களை ஏற்றினான்.

டொக்.

கல் என்று நினைத்தான். சாலையில் முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

டொக். டொக்.

இடது பக்கம், காலி சீட்டுக்கு நேர் எதிரே. கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்திருந்தது. அதன் நடுவே ஐந்து விரல். சின்ன விரல். அவன் மகள் கலைப்பிரியாவுக்கு ஆறு வயசு. அவள் கை அளவுதான் இருக்கும்.

பனியன் துணியால் துடைத்தான். அழிந்தது. அப்படியானால் கை பதிந்தது உள்பக்கம். துணியில் சேறு நாறியது. ஜன்னலை இறக்கினான். சத்தம் நின்றது.

ஜன்னலைத் திறந்து வைத்தால் அது ஒன்றும் செய்யாது, அப்படியே ஓட்டிவிட்டுப் போகலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். மிச்சமான எட்டாயிரம் அப்படிப் பேச வைத்தது.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்கு மூன்று பேரும் கிளம்பினார்கள். மகள் முன் சீட்டில், ஜெயம் பின்னால். செஞ்சி தாண்டியதும் வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. ஜெயம் பின் ஜன்னல்களைச் சாத்தினாள்.

“வேணாம் ஜெயம், தொறந்து வையி.”

“இன்னாங்க, பாப்பா நனையுறா பாருங்க.” எட்டி முன் ஜன்னல் இரண்டையும் ஏற்றினாள்.

கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. சாலை மறைந்தது. ஏரிக்கரை ஓரமாக வேனை நிறுத்தினான்.

டொக்.

ஒரு கை. பக்கத்தில் இன்னொன்று. பெரிய கை ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

“அப்பா,” என்று கிசுகிசுத்தாள் கலைப்பிரியா. “எனக்கு மூச்சு முட்டுது.”

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. ஜன்னல் கைப்பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை. சேற்று வாடை தொண்டை வரை ஏறியது. காலால் முன்கண்ணாடியை உதைத்தான். மறுபடி உதைத்தான். எவ்வளவு அடித்தாலும் அது உடையவில்லை.

“பழசு ஜெயம். வெள்ளத்துல போன வண்டியோடது. நான்தான் பொய் சொன்னேன்.” அழுதுகொண்டே சொன்னான். பிள்ளை சாகப்போகிறது, தன் கஞ்சத்தனத்தால் சாகப்போகிறது என்ற ஒன்றுதான் அவன் தலைக்குள் ஓடியது. ஜெயம் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

கதவு சட்டென்று வெளியே திறந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி நின்றாள்.

“கதவு சும்மாதான சாத்திக்கினு இருக்கு? எதுக்கு உள்ள இருந்து அப்பிடி அடிச்சிக்கிறீங்க?”

மறுநாளே பாண்டுரங்கன் பதினோராயிரம் கொடுத்துக் கம்பெனிக் கண்ணாடி போட்டான். பழையதை வெங்கடாசலத்திடம் கொண்டுபோய் இறக்கினான்.

“இத்த ஒடச்சிடுங்கண்ணே.”

“ஒடச்சிட்டாப் போச்சி” என்று சொல்லி, அவர் ஆயிரத்தைந்நூறு திருப்பிக் கொடுத்தார். உடைக்கப்போகிற கண்ணாடிக்கு எவனாவது காசு கொடுப்பானா? அது தெரியாத ஆளா பாண்டுரங்கன்? தெரியும். தெரிந்தேதான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். ஜெயத்திடம் உடைத்தாயிற்று என்று சொன்னான். தன் பிள்ளை தப்பித்துவிட்டது. அதற்குமேல் நினைத்துப் பார்க்க அவன் விரும்பவில்லை.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் காலை நல்ல மழை. அவன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வேன் தெருமுனையில் வந்து நின்றது. அவனுடையது மாதிரியே வேன், அதே மாடல். ஜெயம் குடை பிடித்துக் கலைப்பிரியாவைக் கூட்டிப்போய்ப் பின்னால் ஏற்றிவிட்டாள்.

“இன்னா ஆனந்தராஜு, நேத்து வண்டி வரல?” என்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தி டிரைவரைக் கேட்டாள். அவனும் கத்தினான்.

“கல்லு பட்டுட்ச்சிக்கா. விழுப்புரம் போயி கண்ணாடி மாத்திக்கினு வந்தேன். ஒரிஜினலு, மூவாயிரத்துக்கே குடுத்துட்டாரு.”

பாண்டுரங்கன் கையிலிருந்த பிரஷ் விழுந்தது. மழையில் இறங்கி ஓடினான். வாயில் நுரை, கத்தியது யாருக்கும் புரியவில்லை. வேன் நகர்ந்து, திரும்பி, அவனை நோக்கி வந்தது. பிள்ளைகள் எல்லாரும் பின் சீட்டுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திறந்திருந்தது ஒரே ஒரு ஜன்னல்தான், கலைப்பிரியா பக்கத்து ஜன்னல். அப்பா டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து அவளும் கையை ஆட்டினாள்.

பிறகு மழை உள்ளே அடிக்கிறது என்று அதையும் இழுத்துச் சாத்தினாள்.

யாரும் உட்காராத முன் சீட்டுக்கு எதிரே, கண்ணாடியின் உள்பக்கம், ஆவி படிய ஆரம்பித்தது.