இனிமைச் சாயம்

ஞானதுரை விரலைச் சொடுக்கியதும் பன்னிரண்டு தும்பிகளும் பெட்டியிலிருந்து எழுந்து திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தன. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பறக்கும் கேமராக்கள். சத்தமே வராது. பத்து நிமிடத்தில் மணமக்கள் அவற்றை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நல்ல படங்கள் விழும். அவருடைய தொழிலில் பாதி அந்த மறதியை நம்பி நடந்தது. மீதிப் பாதி இன்னொரு மறதியை நம்பி.

கம்பம் பள்ளத்தாக்கு முடிந்து மலை ஏறத் தொடங்கும் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். அதன் சொந்தக்காரர் இப்போது திராட்சையைவிடக் கல்யாணங்களைத்தான் அதிகம் சாகுபடி செய்தார். இருந்த நல்ல கான்கிரீட் தார்சு வீட்டை இடித்துவிட்டு வரிசையாக மண்குடிசைகள் கட்டி, உள்ளே குளிர்சாதனம் வைத்திருந்தார். பூட்ட மாடே இல்லாத ஒரு மாட்டுவண்டி படம் எடுப்பதற்காகவே வாசலில் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து முந்நூறு பேர் வந்து இறங்கியிருந்தார்கள். இரண்டு நாளாகச் சாரல் விடவில்லை. மேகம் இறங்கி வந்து பந்தல் கல்தூண்களுக்கு நடுவே குந்திக்கொண்டது. இலைகளில் நோய்க்கு மருந்தாக அடித்த மயில்துத்தத்தின் நீலக்கறை சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

சாரலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பதியம் வந்த நாளிலிருந்து கல்யாண வீட்டில் யாரும் எதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை.

ஒரு காலத்தில் கல்யாணம் என்றால் சண்டை. மாமனை மேடைக்குக் கூப்பிடவில்லை, பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது, சீரில் ஒரு தட்டு குறைந்தது என்று மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். பதியம் அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. நடந்தது எதுவும் மனதில் இறுகிக் கெட்டிப்பட இரண்டு நாள் ஆகும். அதற்குள், தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சின்ன வில்லையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு தூக்கம் போட வேண்டும். வில்லைக்குள் ஏற்றிய ஆல்பத்தில் இருப்பது மனதில் வேர் பிடிக்கும்; அதுதான் பதியம். இல்லாதது உதிர்ந்துவிடும். எழுந்து பார்த்தால் குறையே இல்லாத கல்யாணம் ஒன்று நினைவில் இருக்கும். வில்லையை ஒட்டாமல் போவது இலையை விட்டுப் பாதியில் எழுந்து போவதைப்போன்ற அவமரியாதை. மணமகளுக்கு மாமியாரே தன் கையால் ஒட்டிவிடுவது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பதியம் ஏறுவதற்கு முன்னால் ஆல்பத்தைப் பார்ப்பது அபசகுனம் என்றும் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதனால் ஆல்பத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற ஒரே ஆள் கேமராக்காரர்தான்.

படங்கள் மட்டும் அவர் பொறுப்பு. அவற்றின் மேல் ஏறும் இனிமைச் சாயம் கம்பெனியுடையது; முத்திரை வைத்து வரும், யாரும் கைவைக்க முடியாது. வில்லைக்குள் போகிற ஒவ்வொரு படத்தின்மீதும் அந்தச் சாயம் ஒரே சீராகப் படியும். சாரல் பன்னீராகிவிடும். திண்டுக்கல்லில் ஒரு பந்தியில் கொதிக்கிற ரசம் பெரியவர் ஒருவரின் தொடையில் கொட்டியது. ஞானதுரை அந்தப் படத்தை நீக்க மறந்துவிட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பெரியவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஞானதுரை இதை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கேமராக்காரர் மட்டும் வில்லை ஒட்டக்கூடாது என்பது சட்டம். பின்னால் வழக்கு வந்தால் சாட்சிக்கு ஒருவராவது வேண்டுமே. நானூறு கல்யாணங்களின் நிஜத்தை ஞானதுரை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, அவர் எந்த வீட்டிலும் கைநனைப்பதில்லை.

பந்தல் முனையில் குடைக்கடியில் உட்கார்ந்து அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமகள் இலக்கியா எட்டி ஒரு பன்னீர்த் திராட்சையைப் பறித்து மணமகன் பிரணவின் வாயில் வைத்தாள். பழம் உடைந்து சாறு அவன் பட்டுச்சட்டையில் வழிந்தது. அவள் சிரித்தாள். அவன் சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஓங்கி அறைந்தான். அவள் தலை கல்தூணில் இடிக்காமல் தப்பியது அதிர்ஷ்டம்தான். பிறகு அவன் கலைந்த அவள் முடியை நிதானமாகக் காதோரம் ஒதுக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். தும்பிகளை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எப்படியும் நீக்கிவிடுவார்கள் என்பது உலகத்துக்கே தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து, குடிசையில் அலங்காரம் நடக்கும்போது படம் எடுக்கப் போனார் ஞானதுரை. இலக்கியாவின் அம்மா கவிதா மகளின் கன்னத்தில் பவுடரை அழுத்தி அழுத்திப் பூசிக்கொண்டிருந்தார். விரல் தடம் நான்கும் மறைய மாட்டேன் என்று அடம்பிடித்தன.

"அழுவாத கண்ணு. நாளைக்குப் பதியம் போட்டா யாருக்கு என்ன நெனப்பிருக்கப் போவுது? உனக்கே இருக்காது" என்றார் கவிதா. கொடுமைக்காரி இல்லை அவர். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். மறந்துவிடப்போகிற ஒன்றுக்காக முந்நூறு பேரைத் திருப்பி அனுப்புவதா என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பூ எடுத்து வர அம்மா வெளியே போனதும் இலக்கியா கண்ணாடி வழியாகவே ஞானதுரையைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, நீங்க பாத்தீங்கதானே?"

அவர் தலையசைத்தார்.

பிரணவ் கையைத் தூக்கும்போதே தான் கண்ணை மூடிவிட்டதாக அவள் சொன்னாள். அடி விழும் முன்பே, தெரிந்தவள் மாதிரி. அது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தன் போனில் ஒரு வரி கிடந்தது, 'நல்லா யோசிச்சுக்கோ' என்று, நிச்சயத்தன்று இரவு தானே எழுதியது. எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டு அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

"நிச்சயத்துக்கும் பதியம் போட்டாங்க, நீங்கதானே எடுத்தீங்க. அன்னிக்கு ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

நடந்தது. பொள்ளாச்சி மண்டபத்தின் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தில், இதே கை. படம் பளிச்சென்று விழுந்திருந்தது. யாரும் சொல்லாமலே, தொழில் பழக்கத்தில், இமை மூடிய முகங்களையும் எச்சில் இலைகளையும் நீக்குவதுபோல ஞானதுரை அதையும் நீக்கியிருந்தார். இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும். நீக்கியதைக் கோர்ட்டுக்கு வெளியே சொன்னால் உரிமம் போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

இப்போதே எழுந்து நின்று கல்யாணத்தை நிறுத்தத் தனக்குத் தைரியம் இல்லை, மேளக்காரர் வரைக்கும் வந்தாயிற்று என்றாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஒரு படத்த மட்டும் ஆல்பத்துல வச்சிடுங்ணா. எல்லார்த்துக்கும் நெனப்பிருந்தா நான் வாயத் தொறக்க வேண்டியதில்ல. அவங்களே கேப்பாங்க. எனக்கும் மறக்காது."

ஞானதுரை கேமராவைக் கீழே வைத்தார்.

"வச்சிடுறேன்மா. சத்தியமா வைக்கிறேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு முகூர்த்தம். மேகத்துக்குள்ளேயே தாலி ஏறியது. ஐந்தாவது வரிசைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு நாதஸ்வரம் கேட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் அதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. தாலி கட்டும்போது இலக்கியா நிமிர்ந்து, தும்பிகளை அல்ல, ஞானதுரையை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அவர் அன்று பிற்பகல் ஒழுங்காக வேலை செய்தார்.

மூன்று மணிக்குள் தொள்ளாயிரம் படங்களைத் தேர்ந்தெடுத்தார். பிரணவ் அறைந்த படத்தை நானூற்றுப் பதினேழாவதாக வைத்தார். மாலை மாற்றுவதற்கும் பந்திக்கும் நடுவில், யாரும் தாண்டிப் போக முடியாத இடத்தில். ஒதுக்குப்புறத்தில் நடந்த ஒன்று முந்நூறு பேர் கண்ணெதிரே நடந்ததாக நாளைக் காலை அவர்களுக்கு நினைவிருக்கும். பார்த்த ஒருவராவது எழுந்து வருவார், மாமனோ சித்தப்பனோ பிரணவின் சட்டையைப் பிடிப்பார் என்று அவர் நம்பினார். நான்கு மணிக்கு முத்திரை விழுந்தது. தாம்பூலப் பைகளுக்குள் முந்நூறு வில்லைகள் ஒரே நேரத்தில் பச்சையாக மின்னி அடங்கின. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்று அவர் பந்தியில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டார்.

அதன் பிறகு அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. போலீஸ் வரும், கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வரும், உரிமம் போகும் என்று எதற்கும் தயாராக இருந்தார். பத்தாம் நாள் பிரணவின் அப்பா கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும், நேரில் கொண்டு வரமுடியுமா என்று கேட்டார்.

"எந்தப் படம் சார்?"

"அதென்ன கேள்விங்க? எல்லார்த்துக்கும் புடிச்சதுதான். நானூத்திப் பதினேழு."

ரசம் கொட்டிய பெரியவரின் சிரிப்பு அப்போதுதான் ஞானதுரைக்கு ஞாபகம் வந்தது. கன்னத்தில் விழும் ஓர் அறையைவிடச் சாயம் கெட்டி என்பது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரிந்திருந்தும், இந்த ஒரு தடவை மட்டும் உண்மை ஜெயிக்கும் என்று நினைத்துவிட்டார்.

கோயம்புத்தூர் வீட்டில் அவருக்கு ஏகப்பட்ட உபசாரம். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். படத்தைப் பிரித்ததும் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு வந்தது. அந்தச் சாரல், அந்தத் திராட்சை, அந்தச் சத்தம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அதைப் பார்த்தபோது கண்ணே கலங்கிவிட்டது என்றார் கவிதா. இலக்கியா காப்பித் தட்டோடு வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே பவுடர் கொஞ்சம் கனமாக இருந்தது.

"அவருக்கு அந்தச் சட்ட மேல அத்தன பிரியமுங்ணா" என்றாள். வெட்கப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞானதுரைக்குத் தாங்கவில்லை. உரிமம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தப் படத்த வைக்கச் சொன்னது நீங்கதாம்மா. கன்னத்துல நாலு விரலோட உக்காந்து, அழுதுக்கிட்டே கேட்டீங்க. பொள்ளாச்சியிலயும் அவர் உங்கள அடிச்சார். அன்னிக்கு நான்தான் அதை நீக்கினேன்."

இலக்கியாதான் முதலில் சிரித்தாள். "அழுதேனா? நானா? அன்னிக்கு மாதிரி நான் என்னிக்குமே சந்தோசமா இருந்ததில்லீங்ணா." சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பதியம் ஏற்காத ஆளுக்கு எல்லாம் கோணலாகத்தான் தெரியும் பாவம் என்று யாரோ பரிதாபப்பட்டார்கள்.

பிரணவ் ஸ்டூலில் ஏறி, படத்தை மாட்டக் கையைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற இலக்கியா சட்டென்று கண்களை இறுக மூடி, தோளைக் குறுக்கினாள். தட்டில் காப்பி சிந்தியது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. தான் ஏன் கண்ணை மூடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சிந்திய காப்பியைப் பார்த்து விழித்தாள்.

ஞானதுரை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். பிரணவின் சித்தப்பா மகள். தை மாதம் அதே தோட்டத்தில் அவளுக்குக் கல்யாணம். தேதியைச் சொல்லி, தும்பிகளையெல்லாம் கொண்டு வந்துவிட வேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மாதிரி ஒரு படம் எங்களுக்கும் வேணுங்ணா. கட்டிக்கப்போறவர்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டார். ஆனா நடிச்ச மாதிரி இருக்கக் கூடாது. அடி நெசமாவே விழோணும்."