மெழுகுக்குள் போன பேச்சு

சுப்பண்ணன் காபிக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல வாயைத் திறந்த ஹாஜாவுக்கு, கேட்க வந்த பொருளின் பெயர் வரவில்லை. மறதி என்றால் நாக்கு நுனியில் ஏதாவது நிற்கும், முதல் எழுத்தாவது தட்டுப்படும். இது அப்படி இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல, அந்தச் சொல் இருந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது.

"ஏனுங்க பாய், இன்னைக்கு கோப்பி வேண்டாமுங்களா?" சுப்பண்ணன் சிரித்தார். காபியைக் கோப்பி என்று சொல்லும் ஒரே வாடிக்கைக்காரன் ஹாஜாதான். அவனைக் கண்டால் அவரும் அப்படியே சொல்வார்.

காதுக்குப் புரிந்தது. வாய்க்குக் கிடைக்கவில்லை. ஹாஜா விரலால் டம்ளரைக் காட்டினான்.

அவன் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். தாய்மாமன் நூர் முகமதுவின் குடைக் கடையில் நிற்பதற்காகக் கப்பலேறிக் குன்னூர் வந்தவன். பெயருக்கு வாப்பா பிறந்த நாடு; அவனுக்கோ இந்தக் குளிரும் சோறும் மனிதர்களும் எல்லாமே அந்நியம். கடை அடைக்கும் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஒவ்வொரு காபிக் கடையாகத் தேடிப் போவான். சிலவற்றில் முஸ்லிம்களுக்கு உள்ளே இடமில்லை. சந்துப் பக்க ஜன்னலில் வாங்கி, நின்றபடியே குடிப்பான். எங்கே போனாலும் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். காபிக் கடைகள் தீர்ந்ததும் மியூசியங்கள். ரயிலேறி ஊட்டிக்குப் போய்ப் பாடம் செய்த புலியைப் பார்த்துவிட்டு வந்தான். எஸ்டேட் ஒன்றின் உச்சியில், செத்துப்போன துரை ஒருவரின் பங்களாவிலும் ஒரு மியூசியம் இருப்பதாகச் சொன்னது சுப்பண்ணன்தான்.

"உள்ளே என்ன வச்சிருக்காங்கன்னு தெரியலீங்க பாய். போனவங்க யாரும் வந்து சொல்லலீங்க."

முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அங்கே போயிருந்தான். சரிவு முழுக்கப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். செடியில் கூடை உரசுகிற சத்தம், தளிர் ஒடிகிற சத்தம், ஈர மண்ணின் வாசனை, பள்ளத்திலிருந்த ஃபாக்டரியிலிருந்து ஏறிவந்த இலை வாட்டும் வாசனை, எல்லாம் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை. கங்காணியும் கையைத் தட்டித்தான் வேலை ஏவினான். ஹாஜா வழி கேட்டதும் அத்தனை பேரும் நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தார்கள். பாதையோரம் நின்ற ஒருத்தி, அவன் வாயைப் பொத்த வருவதுபோல உள்ளங்கையை நீட்டினாள். பைத்தியம் என்று ஒதுங்கி நடந்தான்.

பங்களாக் கூடத்தில் புலியும் இல்லை, வாளும் இல்லை. சுவர் முழுக்க அலமாரி; அலமாரி முழுக்க அட்டைக் குழாய்கள். நடுமேசையில் பித்தளைக் குழல் வைத்த ஒரு பாட்டுப்பெட்டி. அதைப் பார்த்துக்கொள்ளும் தனசிங், கசங்காத கோட்டும் மெல்லிய குரலுமாக இருந்தார். ஒரு குழாயைத் திறந்து, மெழுகு உருளையை எடுத்துப் பெட்டியில் மாட்டினார். குழலுக்குள்ளிருந்து ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இந்த மலையில இருக்கிற பேச்சையெல்லாம் துரை சேர்த்து வச்சாருங்க. தோடர், படகர், எஸ்டேட் ஜனங்க, எல்லாம் இருக்கு. உங்க பினாங்குப் பேச்சுதான் இல்லீங்க."

தனசிங் வெற்று உருளை ஒன்றை மாட்டினார். ஹாஜாவின் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத முதல் மனிதர். ஹாஜா குழலில் முகத்தை வைத்துப் பேசினான். கோப்பியைப் பற்றி, தெருவைப் பற்றி, கடல் மழையைப் பற்றி.

"ஊட்டுல யாரை எப்படிக் கூப்பிடுவீங்க? அதையும் சொல்லுங்க."

"உம்மா, ஹாஜா வந்திருக்கேன். கதவைத் திறங்க" என்று பினாங்கில் இருக்கிற தாயைக் கூப்பிடுவதுபோலச் சொன்னான்.

வெளியே வந்தபோது மனம் லேசாகியிருந்தது.

மறுநாள் காபிக் கடையில் போனது ஒரே ஒரு சொல். பிறகு அவன் தெருவின் பெயர் போனது. பிறகு மழை. பின்னலில் ஒரு நூலை இழுத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. மாமி ஆபிதா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். டாக்டர் தொண்டைக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மாமா காகிதமும் பேனாவும் தந்தார். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்தால் புரிகிற சொல், உள்ளிருந்து எடுக்கப் போனால் இல்லை.

"மாமாகிட்டே சொல்லுடா. என்னடா ஆச்சு உனக்கு?" நூர் முகமது அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஹாஜா ஜன்னல் வழியே மலையைக் காட்டினான். குளிருதாம் என்று மாமி போர்வை கொண்டுவந்தாள்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு நின்றபோது உதடுகள் அசைந்தன. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் யாருக்கும் தெரியாமல் மலையேறினான். பஞ்சாக அடைத்திருந்த பனிமூட்டத்துக்குள் தளிர் ஒடிகிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கூடவே வந்தது. அந்தப் பெண் பாதையில் நின்றிருந்தாள். இந்த முறை கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தாள். மூடினாள். அவனும் திறந்தான். மூடினான். அவள் அழுதாள், அதிலும் சத்தம் இல்லை.

"வாங்க ஹாஜா" என்றார் தனசிங்.

ஹாஜா கைகூப்பினான். அலமாரியைக் காட்டினான். தன் தொண்டையைக் காட்டினான்.

"திருப்பித் தர எனக்குத் தெரியாதுங்க. எடுக்க மட்டுந்தான் துரை கத்துக்கொடுத்தாரு. கேட்டுட்டுப் போங்க."

உருளை சுழன்றது. கரகரப்பு. பிறகு அவன் குரல். "உம்மா, ஹாஜா வந்திருக்கேன். கதவைத் திறங்க."

ஒருமுறைதான் சொல்லியிருந்தான். குழல் மறுபடியும் கூப்பிட்டது. "உம்மா."

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம்.

"யாரு, ஹாஜாவா? என் கண்ணே, எப்ப வந்தே?"

உம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உம்மா. இந்த மலையை ஒருநாளும் மிதிக்காதவள்.

"வா, வா. உன்கிட்டே பேசி எவ்வளவு காலமாச்சு! உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கோம், தெரியுமா..."

மேசையில் ஏதோ உதிர்ந்தது. மெழுகுச் சுருள். பழைய பேச்சைக் கேட்கும்போது மெழுகு உதிராது. புதிதாகப் பேச்சைச் செதுக்கும்போதுதான், போன முறை அவன் பேசியபோதுபோல, உதிரும்.

ஹாஜா பெட்டியின் மேல் பாய்ந்தான்.

"உடைக்காதீங்க" என்றார் தனசிங், அதே மெல்லிய குரலில். "உடைச்சா உங்கம்மா பாதி இங்கே, பாதி அங்கேன்னு நின்னுடுவாங்க."

கை அப்படியே நின்றது.

உம்மா மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னாள். ஒரு சுருள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். இன்னொரு சுருள். ஹாஜா குழலுக்குள் முகத்தைத் திணித்தான். பேசாதீங்க. சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். அந்த ஒரு சொல். வாய் கிழியத் திறந்தான்.

மூச்சு மட்டும் வந்தது.

குழலுக்குள் உம்மா சிரித்தாள். அவளோடு சேர்ந்து அவன் குரலும் சிரித்தது. பிறகு ஆசையாக, கொஞ்சலாக, அது கேட்டது.

"இன்னும் பேசுங்க உம்மா."