தோழி துணை தேடுகிறாள்

எல்லாம் முடிந்துபோன பிறகும் ரிசீவர் டிக் டிக் என்றது.

வனக்காவலர் அதைக் குழிப்பக்கம் திருப்பினார். ஓசை அடங்கிவிட்டது. குன்றின் கீழ்ப்பக்கம் திருப்பினார். டிக், டிக். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, காற்றுகூட ஓய்ந்துபோய், ஆட்டுப்புழுக்கை வாடை மட்டும் பாறைகளை விட்டுப் போக மனமில்லாமல் தங்கியிருந்தது. இனி இந்தக் குன்றில் ஆடே கிடையாது. கடைசி ஆட்டை அவர்தான் காலையில் சுட்டுப் புதைத்தார். அதன் கழுத்திலிருந்த சிக்னல் பட்டியைக் கழற்றியிருக்க வேண்டும். அந்தக் கழுத்தில் கை வைக்கத் துணிவு வராமல், அதோடேயே புதைத்துவிட்டார்.

ஆடுகள்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்டவை பெருகி, புதர்களை மொட்டையடித்துவிட்டன. அந்தப் புதர்களுக்கடியில் மட்டுமே முட்டையிடும் சாம்பல் குருவிகள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. குருவி பிழைக்க வேண்டுமானால் ஆடு போக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பாறை இடுக்கில் பதுங்கும் ஆட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு பெட்டை ஆட்டின் கழுத்தில் சிக்னல் பட்டி கட்டி விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குத் தனிமை ஆகாது. கூட்டம் எங்கிருந்தாலும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ரிசீவரில் கேட்கும் அந்தப் பட்டியின் ஓசையைப் பிடித்துக்கொண்டே போய், அவளோடு நிற்பதையெல்லாம் சுட்டுவிட்டு, அவளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவள் மறுபடி துணை தேடிப் போவாள். இவரும் பின்னாலேயே போவார்.

அவளுக்குத் தோழி என்று பெயர் வைத்ததும் இவர்தான். பெயர் வைக்கிற நேரமா அது! கடைசியில் துணைக்கு ஒரு ஜீவனும் இல்லாமல், அவள் இவரிடமே வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் அழுதுகொண்டேதான் சுட்டார்.

ஓசை இறங்கச் சொன்னது, துப்பாக்கியோடு இறங்கினார். ஓடையைத் தாண்டியதும் நடையை எட்டிப் போட்டார். அந்தப் பாதை எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாதா? நேராக அவர் வீட்டுக்கு.

மனைவிக்குப் போன் போட்டார். "பாப்பா எங்க?"

"வீட்லதாங்க. நான் கடைக்கு வந்திருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"தனியாவா விட்டுட்டு வந்த?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட விளையாடிட்டு இருக்கா. நான் எட்டிப் பார்க்கல. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

அவர் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. ஈரமண் வாடை. அதற்கடியில் ஆட்டு வாடை. டிக் டிக் டிக். நடையில் மண் துகள்கள்.

மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றுமில்லை. ஆனால் பாவாடை கனம் தாங்காமல் அழுந்திக் கிடந்தது. அவள் கை வெறுங்காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா, இப்பதான் கண்ணை மூடினா. இவளுக்கு யாருமே இல்லையாம், பாவம். இனிமே நான்தான் இவளுக்கு."

"பாப்பா, எந்திரி. அப்பாகிட்ட வா."

அவள் எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கி எறியத்தான் நினைத்தார். விரல்கள் விடவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, கைகள் மட்டும் நடுங்கவில்லை. துப்பாக்கிக் கட்டை தோளில் வந்து பதிந்தது. குழல் மெல்ல ஏறி, மகளின் சிரித்த முகத்துக்கு நேரே நின்றது.