வெட்டி வைத்த முகங்கள்

சிவப்பு ரிப்பன் ஒன்றுதான் கிடைத்தது. ஜெயசித்ரா அதை மகளின் வலது சடையில் கட்டி, இடது சடைக்குப் பச்சையைக் கட்டினாள்.

"எல்லாம் சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சா நீயும் சேந்து சிரி. ஓடு, வேன் வந்துட்டு."

ஓடிய சுவாதி தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

அரியலூரில் வீட்டின் முன்னறையே அவர்களுடைய பேனர் கடை. மத்தியானம் பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தாள் ஜெயசித்ரா. பழையது அவள் புருஷன் ராசாங்கத்துடையது. போன ஆடியில் விக்கிரமங்கலத்தில் பேனர் கட்டும்போது இரும்புச் சட்டம் கரண்டு கம்பியில் பட்டு இறந்துபோனான். காதுகுத்து, கல்யாணம் என்று எதற்குப் போட்டோ வந்தாலும் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெயர் போட்டுச் சேர்த்து வைப்பது அவன் பழக்கம். சாவு வீட்டார் நல்ல போட்டோ இல்லையே என்று கையைப் பிசையும்போது எடுத்துக் கொடுப்பான். "ஊரு மூஞ்சியெல்லாம் ஏங்கிட்ட இருக்கு, எவன் தப்பிப்பான்?" என்று சிரிப்பான். அவன் செத்த அன்று அவனுடைய கண்ணீர் அஞ்சலிப் பேனர் முழுதாகவே அந்த லேப்டாப்பில் இருந்தது. விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்று சொல்லி, அழுதபடியே அச்சடித்தார்கள்.

மின்விசிறி மை நாற்றத்தை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அடித்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு மெல்ல நடுங்கி, மேசையில் வெள்ளைத் தூசு இறங்கியது. திரையில் கண்ணீர் அஞ்சலி ஃபோல்டரின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. பச்சையம்மாள். ஆண்டவர். வீராயி. எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள்.

சுவாதி.

காதுகுத்துப் பேனர் இடம் மாறியிருக்கும் என்று திறந்தாள். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் மகள். வலது சடையில் சிவப்பு. இடது சடையில் பச்சை. கீழே 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

காலையில் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அழித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். "சாப்பிட்டுட்டு விளையாடிட்டு இருக்காம்மா, ஏங்க?" என்றார் டீச்சர். போனை வைத்ததும் ஸ்கூட்டிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"வேம்பு, ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போயி பாப்பாவ அழைச்சுட்டு வந்துடு."

கடையில் வேலை பார்க்கும் வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். "சாயங்காலம் வேன்ல வந்துடும்லக்கா?"

"இப்பவே போ."

"வர்ற வழியில ஐஸ் கேட்டு உசுர வாங்குமே உங்க மவ." சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் பின்னால் பிரிண்டர் விழித்தது. பழையதில் அவள் அழிக்கும் முன்பே அந்தப் பேனர் புதியதற்குப் போயிருந்தது. ஜெயசித்ரா எதையும் அழுத்தவில்லை. மைத்தலை இடமும் வலமுமாகப் போய் வந்தது. எழுத்துகள் இறங்கின. குத்துவிளக்கின் சுடர். மகளின் வகிடு. சிவப்பு. பச்சை. நெற்றி.

பிளக்கைப் பிடுங்கினாள்.

நின்றது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "அழைச்சுட்டேன்க்கா," என்றாள் வேம்பு. "பெரம்பலூர் ரோட்டுல நிக்கிறோம். சொன்ன மாதிரியே ஆரஞ்சு ஐஸ்தான், வாயெல்லாம் பூசிக்கிட்டு நிக்குது."

"மெதுவா வா." ஜெயசித்ராவுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா. நாற்காலியில் சாய்ந்தாள். தெருமுனையில் ஒரு டிப்பர் போயிற்று. கதவு நடுங்கியது. தூசு இறங்கியது.

மைத்தலை நகர்ந்தது.

பிளக் அவள் கையிலேயே இருந்தது.

கண்கள் இறங்கின. மூக்கு. அப்புறம் உதடுகள். அவற்றில், திரையில் பார்த்தபோது இல்லாத ஆரஞ்சு நிறம். ஈரமாக. மோவாய். கழுத்து. 'மறைவு' என்ற சொல். பக்கத்தில் வெற்றிடம் இல்லை. அன்றைய தேதி.

போன் மறுபடியும் அடித்தது. வேம்புவின் எண். பேசியது யாரோ ஓர் ஆண் குரல்.

"இந்தப் போன் வச்சிருந்த பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்? கூட ஒரு குழந்த..."

தண்ணீர் பாட்டில் இன்றும் அந்த மேசையில்தான் இருக்கிறது. மூடி, அன்று காலையில் சுவாதி இறுக்கியபடியே.