டேப்பின் மறுமுனை

கருங்காட்டு வளவு என்ற மலைக் குக்கிராமத்துக்கு ஜீப் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டிய நேரம். ஆனால் மார்கழியில் கல்வராயன் மலை யாருடைய கடிகாரத்தையும் மதிப்பதில்லை. விடிகாலையில் இறங்கிய பனிமூட்டம் இன்னும் கலையாமல் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் நின்ற பலாமரமே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது.

நில அளவர் நிர்மலா ஜீப்பை விட்டு இறங்கி, துப்பட்டாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். பின்னாலேயே செயின்மேன் வீரமுத்து, அளவு டேப்பும் கம்பிகளுமாக இறங்கினார். முப்பது வருஷ சர்வீஸ்காரர். எந்தக் காட்டில் எந்த எல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தே சொல்லிவிடுவார். வாய் மட்டும் ஓயாது. மலை ஏறி முடிப்பதற்குள் மகன் கல்யாணம், மூட்டு வலி, பஸ் நிலையத்து டீக்கடையில் டம்ளர் சின்னதாகிப் போன கதை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

வந்த வேலை சின்ன வேலைதான். மகேஸ்வரி என்ற பெண்ணின் மனு. அவள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து உழுவது ஒரு ஏக்கர் நாலு சென்ட். பதிவேட்டில் இருப்பதோ வெறும் ஐம்பத்தொன்பது சென்ட். மீதி நாற்பத்தைந்து சென்டும், அதில் நிற்கும் அவள் வீடும், காகிதத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் சின்னப்பையன் பேரில் ஏறியிருந்தன. சின்னப்பையன் உயிரோடு இருந்தவரை காகிதத்தை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. அவர் மகன் குமார் பார்த்துவிட்டான். வரும் தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இப்போது கெடுவும் வைத்துவிட்டான். மூன்று வருஷமாக மனு மேல் மனு போட்டு, இன்றைக்குத்தான் அளக்க ஆள் வந்திருக்கிறது.

இதில் நிர்மலாவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்த ஐம்பத்தொன்பது சென்டை எழுதியவரின் கையெழுத்து, அந்த நிலத்தின் பழைய அளவு வரைபடமான புலப்படத்தின் அடியில் பச்சை மையில் பளிச்சென்று இருந்தது. வ. கலியமூர்த்தி, நில அளவர்.

அவளுடைய அப்பா.

அந்தக் காலத்தில் இந்த மலைக்கு ஒழுங்கான பாதை கிடையாது. காய்ச்சல் பயம், கரடி பயம். ஆகவே அடிவாரத்திலேயே அறை எடுத்துத் தங்கி, மேசையில் தாளை விரித்து, கண்ணால் காணாத காட்டுக்கெல்லாம் அளவு போட்டுக் கொடுத்த சர்வேயர்கள் உண்டு. மேசை அளவு என்று அதற்கு ஒரு கிண்டல் பெயரும் உண்டு. தன் அப்பாவும் அந்த ரகம் என்று நம்ப நிர்மலாவுக்கு மனம் வரவில்லை. அவர் சர்வீசிலேயே இறந்துபோக, வாரிசு வேலையாக வந்ததுதான் அவளுடைய இந்தச் சம்பளம். நைனார்பாளையத்து வீட்டில் அவர் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், ஒரு சொல் கெட்ட பேர் வாங்காமல் போய்ச் சேர்ந்த மனுஷன் என்று அம்மா சாலம்மாள் சொல்லாத நாள் இல்லை. அளவு தவறு என்று அறிக்கை கொடுத்தால், தவறு செய்தவர் பேரையும் அதில் எழுத வேண்டும்.

ஜீப்பில் வரும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். பேருக்கு டேப்பைப் பிடித்துவிட்டு, பழைய அளவே சரி என்று எழுதிவிடுவது. நிர்மலா நேர்மையானவள்தான். அப்பா என்று வந்தபோது அந்த நேர்மை கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டது.

மகேஸ்வரி கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அழவில்லை, குமாரைத் திட்டவில்லை. டம்ளரை நீட்டும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க இன்னா நெம்பரு எழுதுறீங்களோ, அதுலதாம்மா எங்க வூடு நிக்கணும்."

நிர்மலா அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பியைக் குடித்து முடித்தாள்.

மேற்கு எல்லைக் கல் சுலபமாகக் கிடைத்தது. முப்பது மீட்டர் டேப். பெட்டி நிர்மலாவின் கையில். வளையம் உள்ள முனையோடு வீரமுத்து கிழக்கே நடக்க வேண்டும். டேப் தீர்ந்த இடத்தில் அவர் கம்பி ஊன்றிக் குரல் கொடுப்பார். பிறகு அவர் முன்னே நகர, டேப்பின் போக்கில் இவள் பின்னே நடந்து கம்பி வரை போவாள். புலப்படத்தின்படி நாற்பத்தெட்டாவது மீட்டரில் கிழக்கு எல்லை. இரண்டே இழுப்பில் வேலை முடிந்துவிடும்.

வீரமுத்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தார். ஐந்தாவது அடியில் ஆள் தெரியவில்லை.

டேப் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு நகர்ந்தது. ஐந்து மீட்டர், பத்து, பதினைந்து. பெட்டி சுழலும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை எங்கோ கூவிக்கொண்டிருந்த சேவலும் அடங்கிவிட்டது. இருபதாவது மீட்டரில்தான் அவளுக்கு உறைத்தது. வீரமுத்து பேசவே இல்லை.

முப்பதில் டேப் நின்றது. குரல் வரவில்லை. ஒருமுறை நீளமாக இழுபட்டது. அப்புறம் டேப்பை யாரோ விரலால் சுண்டியதைப் போல இரண்டு தட்டல்.

தொண்டை கட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி முப்பது என்று குறித்துக்கொண்டாள். டேப் முன்னே நகர்ந்தது. அவளும் பின்னே நடந்தாள். மரவள்ளிச் செடிகள் இரண்டு பக்கமும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றன. முப்பதாவது மீட்டரில் கம்பியைத் தேடினாள்.

கம்பி இல்லை. ஈரச் செம்மண்ணில் ஒரு கை அழுத்திய தடம் இருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"கம்பி எங்கண்ணா?" என்று மூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

பதிலுக்கு ஒரு வாசம் வந்தது. நீலகிரித் தைலம். பக்கத்தில் தைல மரம் நிற்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த வளவில் தைல மரம் கிடையாது என்பது அவளுக்கே தெரியும். ஒற்றைத் தலைவலிக்காக அந்த எண்ணெயை நாள் முழுக்க நெற்றியில் தேய்த்துக்கொண்டே இருந்த ஒரே ஓர் ஆளைத்தான் அவள் வாழ்க்கையில் பார்த்திருக்கிறாள்.

டேப் மறுபடியும் விறைத்தது. அறுபது. நாற்பத்தெட்டாவது மீட்டர் எப்போதோ கடந்துவிட்டது. அங்கே எல்லைக் கல் இருந்திருந்தால் டேப் அதிலேயே நின்றிருக்கும்.

நீளமாக ஓர் இழுப்பு. இரண்டு தட்டல்.

பத்து வயதில் நைனார்பாளையத்து வீட்டுக் களத்தில் இதே மாதிரி ஒரு டேப்பின் முனையை அப்பா அவள் கையில் கொடுத்திருந்தார். காற்றடித்தால் குரல் கேட்காது பாப்பா, நான் இழுத்தா வச்சாச்சுன்னு அர்த்தம், ரெண்டு தட்டு தட்டுனா எழுதிக்கோன்னு அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தார். வேறு எந்தச் சர்வேயரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அப்போது வீரமுத்துவின் குரல் கேட்டது.

பின்னால் இருந்து.

"அம்மா, எங்க போய்க்கினு கீறீங்க?"

அவர் அரிவாளோடு ஓடி வந்தார். நாலடி வைத்ததுமே உண்ணிப் புதர் மறித்ததாம். வளையத்தைத் தரையில் வைத்துவிட்டு, குரலும் கொடுத்துவிட்டு, புதரை வெட்ட மகேஸ்வரி வீட்டில் அரிவாள் வாங்கப் போனாராம். வந்து பார்த்தால் டேப்பும் இல்லை, அம்மாவும் இல்லை. மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தவர் டேப்பைப் பார்த்தார். அது அவள் கையிலிருந்து மூட்டத்துக்குள் இடுப்பளவு உயரத்தில் விறைத்து நின்றது.

"அந்தாண்ட ஆரும்மா புடிச்சிக்கினு கீறது?"

வீரமுத்து இரண்டடி பின்வாங்கினார். பிறகு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஜீப் நின்ற பக்கம் ஓடினார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

நிர்மலா டேப்பைச் சுற்றப் பார்த்தாள். கைப்பிடி நகரவில்லை.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடலாம் என்று நினைத்தாள். விரல் பிரியவில்லை.

டேப் அவளை இழுத்தது.

முரட்டுத்தனமாக இல்லை. சந்தையில் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போவது போலத்தான் இழுத்தது. அவள் நடந்தாள். இடது பக்கம் மகேஸ்வரி வீட்டுச் சுவர் மெல்லத் தெரிந்தது. மகேஸ்வரி வாசலில்தான் நின்றிருந்தாள். நிர்மலாவை அவள் பார்க்கவில்லை. டேப் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறுபதாவது மீட்டரில் இன்னொரு கைத்தடம். முன்னே போன டேப் இந்த முறை முழுதாகப் போகவில்லை. பாதியில் நின்று தொய்ந்தது. இப்போது கைப்பிடி சுழன்றது. தொய்வைச் சுற்றி எடுத்துப் பார்த்தாள். இருபத்துநாலு.

மொத்தம் எண்பத்துநாலு. அகலத்தோடு பெருக்கினால் ஒரு ஏக்கர் நாலு சென்ட். மகேஸ்வரியின் தாத்தா உழுத அதே நிலம், வீட்டோடு சேர்த்து.

நீளமாக ஓர் இழுப்பு. இரண்டு தட்டல்.

பேனா கையில் இருந்தது. அவள் எழுதவில்லை.

இரண்டு தட்டல்.

மூட்டத்துக்குள், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், ஏதோ கருப்பாகத் தெரிவது போலிருந்தது. தைல வாசம் நெஞ்சை அடைத்தது. கூடவே நாள்பட்ட ஈர வாடை, மழையில் ஊறி ஊறிக் கெட்டுப்போன துணியின் வாடை.

இரண்டு தட்டல். இரண்டு தட்டல். இரண்டு தட்டல்.

"அப்பா, எழுதுனா உங்க பேரு கெட்டுடும்பா," என்று கிசுகிசுத்தாள்.

தட்டல் நின்றது. காடே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வெகு நேரம் கழித்து, தெம்பே இல்லாத விரலால், மெதுவாக, மறுபடியும் இரண்டு தட்டல்.

நிர்மலா அழுதுகொண்டே எழுதினாள். 84.0.

டேப் சட்டென்று தளர்ந்து மண்ணில் விழுந்தது.

அந்த முனை கிடந்த இடத்தில் உண்ணிப் புதரை விலக்கினாள். பாசி பிடித்த எல்லைக் கல் அங்கேதான் இருந்தது, எந்தச் சர்வேயரும் ஒருநாளும் வந்து பார்க்காத கிழக்குக் கல். கல்லைச் சுற்றி ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு மட்டும் புல் செத்துப்போய், மண் வழவழவென்று தேய்ந்திருந்தது.

கல்லே கிடைத்துவிட்டதால் குமாரால் ஒன்றும் பேச முடியவில்லை. நிர்மலா அறிக்கையில் அப்பாவின் பேரை முழுதாக எழுதினாள். ஒரு மாதத்தில் பதிவேடு திருத்தப்பட்டது. புதுப் பட்டாவை வாங்க வந்த மகேஸ்வரி அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அம்மாவிடம் மட்டும் நிர்மலா எதையும் சொல்லவில்லை. அப்பா விடுபட்டுவிட்டார் என்ற நிம்மதியே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த நிம்மதியோடு இருந்திருக்கலாம். கை சும்மா இராமல் ஆவண அறைக்குப் போய், அந்த வருஷத்துப் புலப்படக் கட்டைப் பிரித்தாள். தாளுக்குத் தாள் அதே பச்சை மை, அதே கையெழுத்து. இருநூற்றுப் பதினான்கு புலப்படங்கள். மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எல்லாமே பதினோரு நாளில் போட்டவை. அவள் கட்டைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த மனு நாள் நல்ல வெயில். கூட்டம் ஜாஸ்தி. முதலில் வந்தவள் வெள்ளச்சி என்ற வயசான பெண், மலைக்காரி. ஐந்து மணிக்கே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். மனுவில் கைநாட்டு மட்டும் இருந்தது. உங்கள் காட்டு அளவில் என்ன தப்பு என்று நிர்மலா கேட்டாள்.

"தப்பு இன்னான்னு எனக்குத் தெரியாதும்மா. ஒரு மாசமா எங்க காட்டு மூலையில ஒரு ஆளு குந்திக்கினு கீறாரு. பனி எறங்குனா தெரியறாரு. எழுந்திருய்யான்னா எழுந்திருக்க மாட்றாரு."

நிர்மலாவின் பேனா நின்றது. யாரென்று கேட்டீர்களா என்று கேட்டாள்.

"கேட்டேம்மா. எம் பொண்ணு வந்து எழுதுனாத்தான் எழுந்திருப்பேன்றாரு."

வெள்ளச்சிக்குப் பின்னால் நின்றிருந்தவர் மலைக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரர், அந்தக் கிழவிக்கு முன்பின் தெரியாதவர். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் படி வரைக்கும் நின்றது. அவர் தன் மனுவை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"எங்க கொல்லையிலயும் தாங்க," என்றார்.